பழைய காரின் ஆயிலும் ஃபில்டரும்: வாசகர் கேள்விகள்

இருபது, முப்பது ஆண்டுகளைக் கடந்த கார்களை வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயில் மாற்றுவது குறித்து அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1998-ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. கோயிலுக்கும் கடைவீதிக்கும் மட்டுமே எடுப்பதால் ஆண்டுக்கு 1,500 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அப்படியானால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் அல்லவா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. கிலோமீட்டர் கணக்கு அன்றாடம் ஓடும் காருக்கு உரியது. உங்கள் கார் குறைவாக ஓடுவதாலேயே அதன் ஆயில் விரைவில் கெடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விட்டாலும், ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு சேர்கிறது. நெடுந்தூரம் ஓடும் காரில் ஆயில் நன்றாகச் சூடேறுவதால் அந்த ஈரம் மீண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். கடைவீதி வரை போய்த் திரும்பும் காரிலோ ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். உள்ளே தங்கிய ஈரம், எரிபொருளின் கசடுகளோடு கூடி அமிலத்தன்மை பெற்று, பேரிங்குகளையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் மெல்ல அரிக்கிறது; ஆயிலில் கலந்திருக்கும் அமில எதிர்ப்புச் சேர்மானமும் அதனோடு போராடித் தீர்ந்துபோகிறது.

எனவே கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு பயணமும் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிகிறது என்றால் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. மாருதி 800-க்கு மூன்று லிட்டர் கேன் ஒன்றே போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும் என்பதால் இது பெருஞ்செலவு இல்லை.

கேள்வி: என் அப்பா காலத்து அம்பாசிடரை, 1489 சிசி பெட்ரோல் இன்ஜினோடு, இன்றும் ஓட்டுகிறேன். உதிரிபாகக் கடைக்காரர் 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக் ஆயிலைக் கொடுத்து, விலை அதிகமானாலும் இதைவிட நல்ல ஆயில் இல்லை என்கிறார். ஊற்றலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த ஆயில் நல்ல ஆயில்தான், உங்கள் இன்ஜினுக்கு உரியது அன்று. விலையை வைத்து ஆயிலைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் கடைக்காரர்களிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு.

கேனில் உள்ள எண்களை முதலில் பார்ப்போம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் இன்ஜினைக் கிளப்பும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் சிறியதாக இருந்தால் கடுங்குளிரிலும் ஓடும். அடுத்துள்ள எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயிலுக்கு எஞ்சியிருக்கும் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. ஊட்டி, கொடைக்கானலைத் தவிர்த்தால் தமிழ்நாட்டில் முதல் எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நமக்கு முக்கியமானது இரண்டாவது எண்தான். உங்கள் காரின் இன்ஜின் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த பழைய வடிவமைப்பு. அதில் பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் இடையே விடப்பட்ட இடைவெளி இன்றைய இன்ஜின்களில் இருப்பதைவிட அதிகம். ஓடி ஓடித் தேய்ந்ததில் அது இன்னும் கூடியிருக்கும். சூடான 30 கிரேடு ஆயில் அந்த இடைவெளியில் தங்காமல் வழிந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கினால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே 20டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-40 மினரல் ஆயிலே உங்களுக்குப் பொருந்தும்.

இரண்டாவது காரணத்தைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. உங்கள் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளே இருக்கிறது. அதன் மேடுகள் வால்வுகளைத் தள்ளும், தட்டையான அடிப்பாகம் கொண்ட டாப்பெட்டுகளின் மீது உரசிக்கொண்டே சுழல்கின்றன. இந்த உரசலைத் தாங்குவதற்காக ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட தேய்மானத் தடுப்புச் சேர்மானம் கலக்கப்படுகிறது. ஆனால் பாஸ்பரஸ் புகைக்குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ எஸ்என் போன்ற புதிய தரங்களில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 முதலிய மெல்லிய கிரேடுகளுக்கு 0.08 சதவீதம் என்று உச்ச வரம்பு வைத்துவிட்டார்கள். 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான கிரேடுகளுக்கு அந்த வரம்பு இல்லை. கன்வெர்ட்டரே இல்லாத உங்கள் காரில், அதைக் காப்பாற்றுவதற்காகக் கேம் ஷாஃப்டைத் தேயவிடுவதில் பொருளில்லை.

தொண்ணூறுகளில் வந்த 1800 ஐசூசு இன்ஜின் கொண்ட அம்பாசிடர் வேறு வடிவமைப்பு. அதை வைத்திருப்பவர்கள் அதற்குரிய கையேட்டைப் பார்த்து நடக்க வேண்டும்.

கேள்வி: ஒர்க்‌ஷாப்பில் அவசர அவசரமாக மாற்றித் தருவதைப் பார்த்து வெறுத்துப்போய், வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று நானும் என் மகளும் முடிவு செய்திருக்கிறோம். முறையாகச் செய்வது எப்படி?
— வாசகி, ஈரோடு

பதில்: நல்ல முடிவு. கருவிகளைவிடப் பொறுமைதான் இந்த வேலைக்கு அதிகம் தேவை. முதலில் இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான ஆயில் கசடையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். ஆனால் நீண்ட பயணம் முடிந்த கையோடு தொடங்கினால் கை வெந்துவிடும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். காரைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியால் தூக்கிய பிறகு ஸ்டாண்டின் மீது அமர்த்தாமல் யாரும் கீழே நுழையக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கான கருவி; தாங்கி நிற்பதற்கானது அன்று.

மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, இன்ஜினின் கீழே ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில், ஆயிலை வடிப்பதற்காக உள்ள ட்ரெயின் போல்ட்டை ரிங் ஸ்பானரால் தளர்த்துங்கள். ஓப்பன் ஸ்பானர் போட்டால் போல்ட்டின் முனைகள் மழுங்கிவிடும். கடைசிச் சில சுற்றுகளைக் கையால் சுழற்றும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, புரி முடிந்ததும் சட்டென்று பக்கவாட்டில் விலக்கினால் ஆயில் கையில் கொட்டாமல் சட்டியில் விழும். முழுவதும் வடிய இருபது நிமிடமாவது கொடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் அவசரப்பட்டு விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். போல்ட்டின் தலையில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மை போல வழுக்கும் சாம்பல் நிறக் குழைவு இயல்பான தேய்மானம். நகத்தில் நெருடும் துணுக்குகள் கிடைத்தால் உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள்.

வாஷரைப் புதிதாகப் போட்டு, போல்ட்டைக் கையாலேயே பாதிக்கு மேல் ஏற்றிய பிறகு ஸ்பானரை எடுங்கள். ஒரு சாண் நீள ஸ்பானரை ஒரு கையால் அழுத்தமாக இறுக்கினால் போதும். பைப் மாட்டி இறுக்கித்தான் பழைய கார்களின் சம்ப் புரிகள் பாழாகின்றன.

அடுத்தது ஃபில்டர். கழற்றிய பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதனுடனேயே வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். அது இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மீதே புதிய ஃபில்டரை மாட்டிவிட்டால், இரண்டு வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, இன்ஜினைக் கிளப்பியதும் அழுத்தத்தில் வெளியே பிதுங்கி, ஆயில் முழுவதையும் தரையில் கொட்டிவிடும். புதிய ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, அது உட்கார்ந்த இடத்திலிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும், கருவி வேண்டாம்.

கிண்ணத்துக்குள் எலிமென்ட் எனும் வடிகட்டும் பகுதியை வைக்கும் பழைய வகை ஃபில்டராக இருந்தால், சீலிங் வளையம் இன்ஜின் பக்கத்துப் பள்ளத்தில் ஒளிந்திருக்கும். பல ஆண்டுகள் சூடுபட்டு இரும்பைப் போல இறுகி, பள்ளத்தின் அடிப்பகுதிபோலவே தோற்றமளிக்கும். ஊக்கால் கிளறி எடுத்துத் துடைத்த பின்பே புதியதை வையுங்கள். கிண்ணத்துக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் சிறு வாஷர்களும் எந்த வரிசையில் வந்தன என்று கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளும்படி மகளிடம் சொல்லுங்கள்.

பிறகு, கையேட்டில் சொன்ன அளவில் அரை லிட்டரைக் குறைத்து ஊற்றி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜினைக் கிளப்புங்கள். காலி ஃபில்டர் நிரம்பும்வரை சில நொடிகள் ஆயில் விளக்கு எரிந்து அணையும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவு இல்லை என்று பார்த்து, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து, ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. மிகுந்துவிட்டால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயில் பேரிங்கைக் காக்காது.

கேள்வி: ஒருமுறை விட்டு ஒருமுறை ஃபில்டர் மாற்றினால் போதும் என்பது உண்மையா?
— வாசகர், விருதுநகர்

பதில்: ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அதில் பைபாஸ் வால்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். அடைத்த ஃபில்டரோடும் இன்ஜின் வழக்கம்போல ஓடுவதாகத் தோன்றுவது அதனால்தான். உண்மையில் அப்போது வடிகட்டாத ஆயில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதோடு, பழைய ஃபில்டருக்குள் தங்கிய அழுக்கு ஆயில் புது ஆயிலில் கலக்கும். ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். போலிகள் சந்தையில் நிறைய உலவுவதால் பில் தரும் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: பழைய ஆயிலை இறக்கியதும் மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டுக் கழுவினால் உள்ளே பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் எங்கள் மெக்கானிக். செய்யலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். அந்தச் சில நிமிடங்கள் பேரிங்குகள் வழுவழுப்பே இல்லாத திரவத்தில் சுழல்கின்றன. வடித்த பிறகும் ஆயில் வழிகளில் தங்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, பல ஆண்டுகளாகப் படிந்து கிடந்த கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து, ஆயில் பம்ப்பின் வலையில் போய் அடைத்துக்கொள்வதாகும். இன்ஜினுக்குள் கசடு மிகுந்திருந்தால் சாதாரண ஆயிலையே ஊற்றி, 1,000 கிலோமீட்டரில் ஃபில்டரோடு சேர்த்து மாற்றி, மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்யுங்கள். ஆயிலில் உள்ள சுத்திகரிப்புச் சேர்மானம் மெதுவாக, பம்ப் அடைக்காத வேகத்தில் அந்த வேலையைச் செய்துவிடும்.

கேள்வி: ஆயில் மாற்றி ஒரு மாதத்துக்குள் கறுத்துவிட்டது. ஆனால் அளவு குறையவில்லை. டிப் ஸ்டிக்கில் சற்றுக் கூடியிருப்பதுபோலத் தெரிகிறது. மகிழ்ச்சியடையலாமா? கார், கார்புரேட்டர் உள்ள பத்மினி.
— வாசகர், காரைக்குடி

பதில்: கறுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், கரியை ஆயில் தன்னுள் ஏந்திக்கொள்வதன் அடையாளம் அது. அளவு கூடுவதுதான் கவலைக்குரியது. உங்கள் காரில் பெட்ரோல் பம்ப் இன்ஜினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டு, உள்ளே ஒரு டயாஃப்ரம் மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை அனுப்புகிறது. அது கிழிந்தால் பெட்ரோல் நேராக சம்ப்புக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி இருந்தால் காரை ஓட்டாதீர்கள்; பம்ப்பைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள். ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசான வெண்படலம் இருப்பது குறைந்த தூர ஓட்டத்தால் வரும் ஈரமே.

கேள்வி: ஏர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போடலாமா? பெட்ரோல் ஃபில்டரையும் மாற்ற வேண்டுமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றடித்து இரண்டொரு முறை பயன்படுத்தலாம், பிறகு மாற்றிவிடுங்கள். பழைய ஜீப்புகளில் உள்ள, தூசியைக் கிண்ணத்து ஆயிலில் பிடிக்கும் ஆயில் பாத் வகையாக இருந்தால், கிண்ணத்தைக் கழுவிக் குறியிட்ட மட்டம்வரை புது ஆயில் ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஃபில்டரை ஆண்டுதோறும் மாற்றுங்கள். அதன் மேல் உள்ள அம்புக்குறி கார்புரேட்டரை நோக்கியிருக்க வேண்டும். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், பழைய டேங்கின் படிவுகள் கரைந்து ஃபில்டரில் சேரக்கூடும். ரப்பர் குழாய்கள் ஊறி மென்மையாகவோ வெடித்தோ இருந்தால் அவற்றையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இறக்கிய ஆயிலைக் கதவு, வேலிக்கு அடித்தால் கரையான் வராது என்கிறார்களே?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: பலரும் செய்கிறார்கள், சென்ட்ரிங் பலகைக்கும் பூசுகிறார்கள். ஆனால் அதில் உலோகத் துகள்களும் எரிந்த எண்ணெயின் நச்சுப் பொருள்களும் இருப்பதால் வீட்டுக் கதவுக்கும், ஆடு மாடு உரசும் வேலிக்கும் அது கூடாது. கிணற்றுப் பக்கம் கொட்டவே கூடாது. சட்டப்படி அது அபாயகரமான கழிவு. பழைய கேனிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயிலைச் சேர்த்து அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். ஃபில்டரையும் கவிழ்த்துவைத்து ஓர் இரவு வடியவிட்டு அதோடு சேர்த்து அனுப்பலாம்.