தம்பிக்குக் கெடு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். தம்பி 2022-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்து, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்தான். நான்கே மாதத்தில் வந்துவிட்டான். அப்போதிருந்து மதுரையில் தங்கி குரூப் 4, குரூப் 2 என்று அரசு வேலைத் தேர்வுகளுக்குப் படிக்கிறான். கோச்சிங், ரூம் வாடகை, சாப்பாடு எல்லாம் என் சம்பளத்தில்தான். என் கல்யாணப் பேச்சை எடுத்தால், "தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும்" என்கிறார் அப்பா. நிறுத்தச் சொன்னால் அவன் உடைந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. வேலையில்லாதோர் உதவித்தொகையாவது அவனுக்குக் கிடைக்குமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உதவித்தொகை கிடைக்காது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருக்கும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் தருகிறார்கள். அதிலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்குக் கிடையாது. அதை விட்டுவிடுங்கள்.

தம்பி சோம்பேறி இல்லை. 2024 குரூப் 4-க்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். முதலில் அறிவித்த இடங்களோ 6,244. பிறகு கூட்டினார்கள் என்றாலும் கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான அந்தத் தேர்வில் பி.இ. படித்தவர்களும் எம்.எஸ்சி. முடித்தவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். இரண்டு கேள்வி தவறினால் ரேங்க் எங்கேயோ போய்விடும். "அடுத்த தடவை கண்டிப்பாக அடிச்சிடுவேன்" என்று அவன் சொல்வது பொய்யில்லை, நம்பித்தான் சொல்கிறான். சிக்கலே அந்த நம்பிக்கைக்குக் கடைசித் தேதி இல்லாததுதான்.

ஆகவே படிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள், கெடு வையுங்கள். ஒரகடத்திலிருந்து ஏன் வந்தான் என்று முதலில் கேளுங்கள். டிப்ளமோ பையன்களோடு லைனில் நிற்பது கௌரவக் குறைச்சலாக இருந்ததா, காண்ட்ராக்டில் வைத்துக் கழற்றிவிடுவார்கள் என்று பயந்தானா? இரண்டாவது என்றால் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. முதலாவது என்றால் நீங்கள் எத்தனை வருடம் பணம் கட்டினாலும் அது தீராது.

அடுத்து அவன் எழுதும் மாதிரித் தேர்வுகளின் (டெஸ்ட் பேட்ச்) மார்க்குகளை வாங்கிப் பாருங்கள். அக்காவுக்கு அந்த உரிமை உண்டு! ஆறு மாத மார்க் ஏறிக்கொண்டே வந்தால் இன்னும் ஒரு தேர்வு வரை தாங்கலாம். 200 கேள்விக்கு 140 சரி என்பதிலேயே நின்றுகொண்டிருந்தால், இப்போதே வேலை பார்த்துக்கொண்டு படிக்கட்டும். தாரமணியில் இருக்கும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பி.இ. படித்தவர்களை ஒரு வருட அப்ரண்டிஸாக எடுப்பதுண்டு. வேலைக்கு உத்தரவாதமில்லை, பணமும் கொஞ்சம்தான். ஆனாலும் பயோடேட்டாவில் விழுந்திருக்கும் ஓட்டையை அது அடைக்கும். சமீபத்தில் படிப்பை முடித்தவர்களைத்தான் எடுப்பார்கள். 2022 பேட்ச் இனியும் தள்ளிப்போட முடியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தம்பியின் ரிசல்ட்டையும் உங்கள் கல்யாணத்தையும் முடிச்சுப் போட்டவர் அப்பா; அவிழ்க்க வேண்டியவரும் அவரே. தம்பிக்கு மாதம் இவ்வளவுதான், இந்த மாதம் வரைதான் என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, மீதியை உங்கள் பெயரில் தபால் நிலையத்தில் ஆர்.டி. போடுங்கள். அப்பாவிடம் தனியாகப் பேச வேண்டாம். தம்பி ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். அக்காவுக்கு 29 வயது ஆகிறது என்பதை அவனும் காது கொடுத்துக் கேட்கட்டும்.