வாத்தியார் பதில்கள்: உப்பும் முருகனும்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கோட்டையூர், வேலை சென்னையில். தென்னாப்பிரிக்காவில் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்குப் போய், 60 கிலோமீட்டர் தாண்டியதும் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலைக்கூட விடவில்லை, எல்லாவற்றிலும் குடித்தேன். இருந்தும் குமட்டல், தலைவலி, மோதிரம் விரலில் இறுகிவிட்டது. மனதில் நம்பிக்கை இல்லாததுதான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது. 'முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே ஓடுடா' என்கிறார் அப்பத்தா. மற்ற நாளில் கோயில் பக்கமே போகாதவன் கால் வலித்தால் மட்டும் சாமியைக் கூப்பிடுவது போலித்தனம் இல்லையா?

– ஒரு வாசகர், சென்னை

பதில்: அந்த ஓட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், மேடும் இறக்கமுமான சாலை. முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக 1921ல் தொடங்கியது. 12 மணி நேரம் கெடு. கெடு முடிகிற நொடியில், ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி ஒருவர் துப்பாக்கியால் சுடுவார். அதன் பிறகு ஓரடி தூரத்தில் இருப்பவருக்கும் பதக்கம் கிடையாது. நம்ம ஊராக இருந்தால், 'பாவம், இவ்வளவு தூரம் வந்துட்டார், விடுங்க' என்று பத்துப் பேர் சிபாரிசுக்கு வந்திருப்பார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மோதிரம் இறுகியது. எனக்கு அங்கேதான் கண் நின்றது. தாகத்துக்கு மேல் தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். விரல் வீக்கம், குமட்டல், தலைவலி எல்லாம் அதன் அறிகுறிகள். முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. புறப்பட்டபோது இருந்ததைவிட எடை கூடி வந்து சேர்ந்தவர்களிடம்தான் இது அதிகம். உங்களுக்கும் அதுதான் நடந்ததா என்பதை ஒரு மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அடுத்த ஓட்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். ஆனால் உப்புக் கணக்கில் எழுத வேண்டியதை முருகன் கணக்கில் எழுதாதீர்கள், தம்பி. நீங்கள் அன்றைக்கு உட்கார்ந்ததே நல்லதாகப் போயிருக்கலாம்.

இனி போலித்தனம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து பாருங்கள். முதல் நாள் பேச்செல்லாம் வட்டி, வரன், சிங்கப்பூரில் இருக்கும் பேரன். நத்தம் தாண்டி, கொப்புளம் உடைந்து, தார்ச்சாலை சுடும்போதுதான் 'அரோகரா' அடிவயிற்றிலிருந்து வரும். பல வருடமாக நடக்கிற பெரியவர்களுக்கும் அப்படித்தான். வலிக்கும்போது கூப்பிடுகிறான் என்று அங்கே யாரும் யாரையும் ஏளனம் செய்து நான் பார்த்ததில்லை. வலிக்காதவன் ஏன் அவ்வளவு சத்தமாகக் கூப்பிடப் போகிறான்?

அப்படிக் கூப்பிடுவதால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? 2004ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சைக்கிள் வீரர்களிடம் மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. அப்படியும் வெறும் தண்ணீரில் கொப்பளித்ததைவிட வேகமாக ஓட்டினார்கள். அதாவது, 'இனி முடியாது' என்பது தசை தீர்ந்துபோனதால் மட்டும் வருவதில்லை. மூளை முன்கூட்டியே கடிவாளத்தை இழுத்து வைத்திருக்கிறது, உணவு வருகிறது என்று நாக்கு சொன்னதும் கொஞ்சம் தளர்த்துகிறது. முருகன் பெயரும் அப்படித் தளர்த்தும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். பெயரைச் சொல்லும்போது மூச்சும் காலும் ஒரு தாளத்துக்கு வந்துவிடும், மீதி எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கும் வாயை மூடிக்கொள்ளும். பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களை ஓடவிட்டுப் பார்த்த அனுபவம் இது. ஆனால் போட்டி அன்றைக்குப் புதிதாக ஆரம்பிக்காதீர்கள். பழகாத ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரிதான் அது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக் மாரத்தானில் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி கீழே விழுந்து, முழங்காலில் கட்டோடு, முதலில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வந்து சேர்ந்தார். பள்ளியில் பல முறை சொன்ன கதைதான். அதே பந்தயத்தில் பாதியில் நின்றவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அதனால் எங்கே நிற்பது, எங்கே நிற்கக் கூடாது என்பதை வீட்டிலேயே எழுதி முடித்துவிடுங்கள். தலை சுற்றிப் பேச்சுக் குழறினால், விரல் வீங்கி வாந்தி வந்தால், நெஞ்சு வலித்தால் நிற்க வேண்டும். தொடை வலி, அலுப்பு, அழுகை, 'எனக்கு எதுக்கு இந்த வேலை' என்ற எண்ணம், இவற்றுக்கெல்லாம் நிற்க வேண்டியதில்லை. அங்கேதான் அப்பத்தாவின் முருகனுக்கு வேலை. தாகம் எடுத்தால் மட்டும் குடியுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும், இரண்டு வாழைப்பழம் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே ஓடாதீர்கள், சிறுநீரகம் கெடும்.

கேள்வி: எனக்கு வயது 61, சர்க்கரை உண்டு. பழனிக்கு நடந்து வருவதாக நேர்ந்திருக்கிறேன். மகன் காரில் பின்னாலேயே வருகிறேன் என்கிறான். வழியில் காரில் ஏறிவிட்டால் நேர்த்திக்கடன் சேராதா?

– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: சேருமா சேராதா என்று தீர்ப்புச் சொல்கிற இடத்தில் நான் இல்லை, ஆச்சி. எனக்குத் தெரிந்தது பாதம் மட்டும்தான். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், கொப்புளம் வந்ததே தெரியாது. அதனால் வெறுங்காலோடு நடக்காதீர்கள். தங்கும் இடத்தில் ஒவ்வொரு ராத்திரியும் உள்ளங்காலை யாரையாவது விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு புண் இருந்தாலும் மறுநாள் கார்தான். கார்த்திகை பிறந்ததுமே டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு, தினமும் நடக்கத் தொடங்குங்கள். மகன் வரட்டும், ஏசியைப் போட்டுக்கொண்டு சும்மா வரக் கூடாது. உங்கள் மாத்திரை, மாற்று சாக்ஸ், சர்க்கரை இறங்கினால் கொடுக்கக் குளுக்கோஸ், மூன்றும் அவன் பொறுப்பு.