ஓட்டுத் துண்டும் உப்பும்

கேள்வி: மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவு. தொல்லியல் படித்து நூதனசாலையில் வேலை செய்யப் போகிறாளாம். பொம்பிளைப் பிள்ளை வெயிலில் மண் தோண்டுவதா என்று வீட்டில் பேச்சு. அங்கே என்னதான் வேலை?
– தாய் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: தோண்டுவது சில வாரம், மேசை வேலைதான் வருடம் முழுக்க.

ஒரு பானையோட்டையே எடுங்கள். மெல்லிய தூரிகையால் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட வேண்டும். உள்ளே கரி ஒட்டியிருந்தால் கழுவவே கூடாது. என்ன சமைத்தார்கள் என்ற தடயம் அதில்தான். அடுத்தது இலக்கமிடல். மையை நேரே ஓட்டில் எழுதினால் ஊறிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. அதனால் அசற்றோன் என்ற கரைப்பானில் கரைத்த பரலோயிட் பி-72 என்ற நிறமற்ற பிசினை உட்புறத்தில் சின்னதாகப் பூசி, காய்ந்தபின் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. உடைந்த விளிம்பில் எழுதக்கூடாது, ஒட்டும்போது மறைந்துபோகும்.

நம் வாவிக்கரைப் பக்கத்து ஓடுகளில் உப்புத்தான் வில்லங்கம். காயும்போது உப்பு வெள்ளையாகப் பூத்து மேற்பரப்பை உரித்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நாளாந்தம் நீரை மாற்றி, நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மானியில் அளவு இறங்கி ஒரே நிலையில் நிற்கும்வரை விடுவார்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிவராது. இது ஓட்டுக்குத்தான்; இரும்பை இப்படித் தண்ணீரில் போட்டால் துரு கூடும்.

யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் தொல்லியல் படிக்கலாம். பட்டப்பின் படிப்புக்குக் கொழும்பில் தனி நிறுவகமே உண்டு. சிங்களத்தை இப்போதே பழகட்டும்.