சாரல் காலத்தில் படலம் ஏன் வெளுக்கிறது?

கரிமக் குறைக்கடத்திப் படலங்கள் (கார்பன் சேர்மங்களால் ஆன, மின்னணுக் கருவிகளுக்கான மெல்லிய பூச்சுகள்) பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளில் நான்கு.

ஆடிச் சாரல் தொடங்கியதிலிருந்து ஸ்பின் கோட்டரில் (கரைசலைத் தகட்டில் விட்டு, சுழற்றிப் பரப்பும் கருவி) போடும் படலமெல்லாம் பால் படிந்தாற்போல் வெளுக்கிறது. கரைப்பான் குளோரோஃபார்ம். பாலிமர் கெட்டுவிட்டதா? (தென்காசி)

பாலிமரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அது நன்றாகத்தான் இருக்கும். குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிக்கும். சுழலும்போது சட்டென்று ஆவியாகி, பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். குளிர்ந்த அந்தப் பரப்பில் காற்றின் ஈரம் நுண்துளிகளாக உட்காரும். துளி காய்ந்த இடத்தில் குழி விழும். குழிகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் நீங்கள் பார்க்கும் வெண்மை.

குற்றாலத்தில் சீசன் முடியும்வரை, பாலிமர் கரையுமானால், 131 டிகிரியில் கொதிக்கும் குளோரோபென்சீனுக்கு மாறுங்கள். மெதுவாகக் காய்வதால் பி3எச்டி (P3HT) போன்ற குறைக்கடத்திப் பாலிமர்களின் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளவும் நேரம் கிடைக்கும். உலர்ந்த நைட்ரஜன் பெட்டிக்குள் வேலை செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. அப்புறம், நோட்டில் சுழல் வேகத்துக்குப் பக்கத்திலேயே அன்றைய ஈரப்பதத்தையும் எழுதுங்கள். படலத்தின் தலையெழுத்து காய்கிற அந்தச் சில விநாடிகளில்தான் இருக்கிறது.

சுழல் வேகத்தை இரட்டித்தால் படலத்தின் தடிமன் பாதியாகுமா? (பாளையங்கோட்டை)

ஆகாது. தடிமன் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். பாதியாக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 1000 சுற்றை 4000 ஆக்க வேண்டும். கரைசலின் செறிவைக் குறைப்பது அதைவிட எளிது.

பென்டசீன் என்ற சிறுமூலக்கூறுக் குறைக்கடத்தியை ஏன் வெற்றிடத்தில் ஆவியாக்குகிறார்கள்? (அம்பாசமுத்திரம்)

சாதாரணக் கரைப்பான்களில் அது சரியாகக் கரையாது. கலத்தின் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு இறக்கினால், சூடாக்கிய மூலக்கூறுகள் காற்றில் மோதாமல் நேரே தகட்டில் போய்ப் படியும். பாலிமருக்கு இந்த வழி ஒத்துவராது. ஆவியாகும் முன்பே சிதைந்துவிடும்.

ஸ்பின் கோட்டர் இல்லை. பிளேடால் இழுத்துப் பூசலாமா? (வள்ளியூர்)

தாராளமாக. டிப்ஸ்-பென்டசீன் (கரைப்பானில் கரையும்படி மாற்றிய பென்டசீன்) போன்றவற்றுக்கு நான் இதைத்தான் விரும்புகிறேன். பத்தமடைப் பாயில் கோரை ஒரே திசையில் படுத்திருப்பதுபோல, இழுக்கும் திசையிலேயே படிகங்கள் நீளும். மின்னூட்டமும் அந்தத் திசையில் நன்றாக ஓடும். தகட்டை மிதமாகச் சூடாக்கி, பிளேடுக்குப் பின்னால் காயும் கோடு அதை ஒட்டியே நகரும்படி நிதானமாக இழுங்கள். கோடு பின்தங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.