செவோஃப்ளூரேனுக்குத் தனிக் கட்டணம் தர வேண்டுமா?

கேள்வி: 61 வயதான என் தாயாருக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றவிருக்கிறார்கள். ஃபென்டனிலும் ஐசோஃப்ளூரேனும் சேர்ந்தது சாதாரண மயக்கம், ரெமிஃபென்டனிலும் செவோஃப்ளூரேனும் சேர்ந்தது உயர்தர மயக்கம் என்று சொல்லி, இரண்டாவதற்கு மருத்துவமனையின் பேக்கேஜ் அலுவலர் கூடுதல் தொகை கேட்கிறார். எது நல்லது?

பதில்: இது நீங்களோ அந்த அலுவலரோ முடிவு செய்யும் விஷயமே அல்ல, உங்கள் தாயாரைப் பரிசோதிக்கும் மயக்கவியல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற, சுவாசத்தின் வழியே செல்லும் வாயு நினைவை இழக்கச் செய்கிறது; ஃபென்டனில், ரெமிஃபென்டனில் போன்ற ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலிநிவாரணி) வலியை அடக்குவதோடு, தேவைப்படும் வாயுவின் அளவையும் கணிசமாகக் குறைக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தருவது இதற்காகத்தான்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும் இத்தகைய அறுவையில், செவோஃப்ளூரேன் பெற்றவர் ஐசோஃப்ளூரேன் பெற்றவரைவிடச் சில நிமிடங்கள் முன்னதாகக் கண் விழிப்பார். அந்தச் சில நிமிடங்களைத்தான் உங்களிடம் விலை பேசுகிறார்கள். ரெமிஃபென்டனிலோ, செலுத்துவதை நிறுத்திய 5 முதல் 10 நிமிடங்களில் வீரியம் இழந்துவிடும். அதற்குள் வேறு வலிநிவாரணி கொடுக்கப்படாவிட்டால் நோயாளி வலியோடுதான் எழுந்திருப்பார். இதை எந்தப் பேக்கேஜ் தாளிலும் அச்சிட்டு நான் பார்த்ததில்லை. அறை வாடகையோடு மயக்க மருந்தையும் சேர்த்து விற்கும் தரகர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு நிலையில் வாயுவின் பெயர் உயிர் காக்கும். உங்கள் தாயாரின் இரத்த உறவில் யாருக்காவது, பாட்டன் பாட்டி காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படுவது உட்பட, மயக்கம் கொடுத்தபோது தசைகள் விறைத்து, உடல் கொதித்து, உயிருக்கே ஆபத்து நேர்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மரபுவழி வரும் அந்தக் கோளாறு இருப்பவருக்குச் செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் மூன்றுமே ஆகாது. நரம்பு வழியே புரொபோஃபால் செலுத்தி மயக்கம் தருவார்கள். அந்த ஆபத்து நேர்ந்தால் அதை முறிக்கும் மருந்தான டான்ட்ரோலீன் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பில் இராது என்பதால், இதை அறுவை அரங்கின் வாசலில் சொல்லிப் பயனில்லை.

ஆகவே சில நாட்கள் முன்னதாகவே தாயாரை மயக்கவியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உறக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா, பேருந்தில் போனால் வாந்தி வருமா, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பவற்றைச் சொல்லுங்கள். அறுவை நாள் காலையில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதையே பரிசோதனை என்று நடத்தும் இடங்கள் இன்றும் இருக்கின்றன, அதற்கு இணங்காதீர்கள். அன்றிரவு வலிக்கு என்ன தருவார்கள் என்றும் கேட்டு வையுங்கள். மார்ஃபின், ஃபென்டனில் ஆகியவற்றுக்கான உரிம நடைமுறையை எளிதாக்க 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தியும், பதிவேட்டுத் தொல்லைக்கு அஞ்சி மார்ஃபினை வாங்கி வைக்காத மருத்துவமனைகள் உயர்தர மயக்கத்தை மட்டும் தயங்காமல் விற்கின்றன.