ரோஜாவுக்குப் பக்கத்தில் யாரைக் குடிவைப்பது?

பாகலூர்ப் பக்கம் நர்சரி வைத்திருக்கிறேன். ரோஜாவோடு என்ன செடி வைக்கலாம் என்று வந்த கேள்விகளுக்கு இன்று மாலை வரை பதில். பசுமைக்குடில் ரோஜா பற்றிக் கேட்காதீர்கள், அங்கே ரோஜாவுக்குத் துணையே கிடையாது. வீட்டுத் தோட்டம் மட்டும்.

மத்திகிரி: அக்கா, பத்து ரோஜாச் செடி இருக்கிறது. அடியில் வெறும் மண்ணாகத் தெரிகிறது. என்ன வைக்கலாம்?

முதலில் தண்டைச் சுற்றி ஒரு அடி அந்த வெறும் மண் அப்படியே இருக்கட்டும். உரம் போடவும் கொத்திவிடவும் இடம் வேண்டும். நெருக்கினால் காற்று ஓடாது, சாம்பல் நோய் வரும். அதற்கு வெளியே குட்டையான, மேல்வேர்ச் செடிகள். ஓரத்துக்குப் பத்துமணிப்பூ அழகு. ஆனால் என் முதல் ஓட்டு கொத்தமல்லிக்கு. கடைக்காரர் தனியாவையே லேசாக உடைத்துத் தூவுங்கள். பாதியைச் சமையலுக்குப் பறித்து, மீதியைப் பூக்க விடுங்கள். அந்தச் சின்ன வெள்ளைப் பூவின் தேனுக்குப் பொறிவண்டும், பூவைச் சுற்றி மிதக்கும் சிர்ஃபிட் ஈயும் வரும். அவற்றின் புழுக்கள் ரோஜா மொட்டில் அப்பிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். நடுவே பூண்டுப் பல் ஊன்றுவார்கள். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, இடத்தை அடைக்காது என்பதால் தடுக்க மாட்டேன்.

தருமபுரி: புதினா வைக்கலாமா?

தொட்டியில். மண்ணில் விட்டால் வேரோடி ரோஜாவின் காலடிக்கே வந்துவிடும்.

காரிமங்கலம்: செண்டுமல்லி வைத்தால் ரோஜாவுக்குப் பூச்சியே வராதாமே?

வரும். இலைச் சாற்றை உறிஞ்சும் செம்பேனும் இலைப்பேனும் செண்டுமல்லியையே பிடிக்கும். கோடையில் அங்கே பெருகி ரோஜாவுக்குத் தாவும். அதன் நிஜமான வேலை மண்ணுக்குள்ளே. வேரிலிருந்து வரும் பொருள், செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கும் வேர்முடிச்சு நூற்புழு என்ற நுண்புழுவை அடக்கும். அதற்கும் பாத்தி முழுக்க நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, பிறகு ரோஜா வைக்க வேண்டும். ஓரத்தில் நான்கு செடி வைத்தால் பூஜைக்குப் பூ கிடைக்கும், அவ்வளவுதான்.

ராயக்கோட்டை: அம்மா, நான் தக்காளிக்காரன். செண்டுமல்லி போட்டு எனக்குக் காய்ப்புழு குறைந்திருக்கிறது. ஒன்றுக்கும் ஆகாது என்பது போலப் பேசுகிறீர்களே?

தம்பி, உங்கள் தோட்டத்தில் அது வேலை செய்யும். பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை, நடும்போது தக்காளி நாற்றுக்கு வயது 25 நாள், செண்டுமல்லி நாற்றுக்கு 40 நாள், சரிதானே? தக்காளி பூக்கும்போது இதுவும் பூக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தக் கணக்கு. தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லியில் வந்து முட்டையிடும். ஆக, செண்டுமல்லி பூச்சியை விரட்டவில்லை, விருந்துக்குக் கூப்பிடுகிறது. நான் சொல்வதும் அதையேதான்.

ராயக்கோட்டை: அப்படியானால் ரோஜாவுக்கும் பொறியாக வைக்கலாமே?

காய்ப்புழு விழுந்த மொட்டைக் கிள்ளி அழிக்கலாம். செம்பேனை எப்படிக் கிள்ளுவீர்கள்? கண்ணுக்கே சரியாகத் தெரியாது. செண்டுமல்லி காய ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிடும். பக்கத்து வீடு ரோஜா.

அரூர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பாட்டி இரண்டையும் சேர்த்துத்தான் வைத்தார், ஒரு பூச்சியும் வந்ததில்லை.

பாட்டி வைத்தது பன்னீர் ரோஜாவாக இருக்கும். நீங்கள் வாங்கி வைக்கும் ஒட்டு ரகங்களைவிட அது தாங்கும். பாட்டி வாரம் ஒரு மருந்து அடித்துப் பொறிவண்டைக் கொன்றிருக்கவும் மாட்டார்.

பென்னாகரம்: லாவெண்டர்?

தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். உங்கள் வெயிலுக்குத் திருநீற்றுப்பச்சிலை வையுங்கள், அதுவும் மணக்கும்.

பாலக்கோடு: இடம் குறைவு. ரோஜா நடுவில் கத்தரி, வெண்டை போடலாமா?

வேண்டாம். இரண்டும் நூற்புழுவையும் செம்பேனையும் வளர்த்துக் கொடுக்கும்.

கிருஷ்ணகிரி: மாமரத்தடியில் ரோஜா வைத்துச் சுற்றிலும் என்ன வைப்பது?

ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் ரோஜாவையே வைக்காதீர்கள்.

பர்கூர்: செண்டுமல்லி எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும்?

மேலே காரிமங்கலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓசூர்: இலையில் கரும்புள்ளி. எந்தத் துணைச்செடி சரிசெய்யும்?

எதுவும் செய்யாது. சாயங்காலம் பைப்பைப் பிடித்துத் தலையோடு நனைக்கிறீர்களா? இலை ஏழெட்டு மணி நேரம் ஈரமாக இருந்தாலே அந்தப் பூசணம் முளைக்கும். காலையில், அடியில் மட்டும் ஊற்றுங்கள். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். அடியில் செடி நெருக்கியிருந்தால் பிடுங்குங்கள். ஒரு அடி! இன்றைக்கு எத்தனையாவது தடவை சொல்கிறேனோ.

பர்கூர்: படித்தேன் அக்கா. வைக்கவே கூடாதா?

வையுங்கள், ஆசையாக இருந்தால். வாரம் இரண்டு முறை அதன் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் செம்பேனின் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அந்தச் செடியைப் பையில் போட்டு வெளியேற்றிவிட்டு, ரோஜா இலையின் அடிப்பக்கத்தைக் காலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

ராயக்கோட்டை: சரிம்மா. வீட்டு முன்னால் புது ரோஜாப் பாத்தி போட இருக்கிறேன். முதலில் அதில் செண்டுமல்லியை நிரப்பிவிடட்டுமா?

இதைத்தானே தம்பி காலையிலிருந்து சொல்கிறேன். ஆடியில் நடுங்கள், ஆயுத பூஜைக்குப் பூ பறிக்கலாம். பறித்து முடித்ததும் செடியை வெளியே போடாமல் அங்கேயே மடக்கிக் கொத்திவிடுங்கள். மட்கிய பிறகு ரோஜா.