மா வீழ்ந்தது: மரமா, குதிரையா?

கேள்வி: ‘எனக்கு இன்னும் படி கிடைக்கவில்லை’ என்று அலுவலகத்துக்கு எழுதினேன். நான் கேட்டது பயணப்படி. வந்ததோ ஆணையின் நகல். பிழை யார் மேல்? (வாசகர், கரூர்)

பதில்: பிழை வாக்கியத்தின் மேல். ‘படி ஏறினான்’, ‘இரண்டு படி அரிசி’, ‘பாடம் படி’ என்று சொன்னால் யாரும் குழம்புவதில்லை. பக்கத்துச் சொல்லே பொருளைக் காட்டிவிடுகிறது. ‘கிடைக்கவில்லை’ அப்படி உதவாது. நகலும் கிடைக்காமல் போகும், தொகையும் கிடைக்காமல் போகும்.

தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலில் இதற்கு நேரான விதி இருக்கிறது. பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையாலோ, இனத்தாலோ, சார்பாலோ தெளியும் என்கிறது. மாமரம், குதிரை, விலங்கு என்று பல பொருள் தரும் ‘மா’ என்ற சொல்லை உரைகாரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ‘மா பூத்தது’ என்றால் பூத்தல் என்ற வினையால் அது மரம். ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் கூடவே மருத மரமும் நிற்பதால் மரம், இது இனம். கவசம் பூண்டு நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் குதிரை, இது சார்பு. ஆனால் ‘மா வீழ்ந்தது’? மரமும் விழும், விலங்கும் விழும். அங்கே ‘கிளந்து’, அதாவது வெளிப்படையாக, ‘மாமரம் வீழ்ந்தது’ என்றே சொல்லவேண்டும்.

உங்கள் கடிதமும் இந்தக் கடைசி வகைதான். நேரில் பேசும்போது சார்பு துணைக்கு வரும். கடிதத்தில் அது பெரும்பாலும் இல்லை. எழுதியதும் வினையை மட்டும் பாருங்கள். அது இரண்டு பொருளுக்கும் ஒத்துவந்தால் ‘பயணப்படி’, ‘நகல்’ என்று பெயரை விரித்து எழுதிவிடுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத் தோழி ‘ஆறுதலா வாங்கோ’ என்கிறார். எனக்கு என்ன துக்கம்? (வாசகி, மதுரை)

பதில்: துக்கம் ஒன்றுமில்லை. அவசரப்படாமல் மெல்ல வாருங்கள் என்கிறார். சூடு ஆறுவதும் மனம் ஆறுவதும் ஒரே வேர். ஈழத்தில் அந்தச் சொல் நிதானத்துக்கும் வழங்குகிறது. ‘வாங்கோ’, ‘சாப்பிடுங்கோ’ என்ற வினைகளோடு வந்தால் ஐயமே வேண்டாம். ‘ஆறுதலாகப் பேசினார்’ என்றால்தான் இடம் பார்த்துக் கொள்ளவேண்டும்: இழவு வீடா, தேநீர் வேளையா?

கேள்வி: ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்ற குறளைக் கேட்டு வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: 1274ஆம் குறள். அங்கே நாற்றம் என்றால் மணம். கெட்ட வாடை என்று பொருள் சுருங்கியது பிற்காலத்தில். முதலில் ‘மொட்டுக்குள் இருப்பது எது?’ என்று கேளுங்கள். ‘வாசனை’ என்று பிள்ளைகளே சொன்ன பிறகு குறளைப் படிக்கச் சொல்லுங்கள்.